கிரீஸ் கறை - 6: புது டயர் போட்டா வண்டி ஏன் அலையுது?

மக்களே, போன வாரம் பிரேக்கு. இந்த வாரம் ஸ்டியரிங்கு. ஃபோர் வீல் டிரைவ் வச்சிருக்கற நம்மாளுங்க அடிக்கடி புலம்பற விஷயம் இது. ஆயிரக்கணக்குல டாலரைக் கொட்டி நாலு புது டயர் போடுவாங்க. கடைய விட்டு வெளிய வந்தா வண்டி ரோட்டை அளக்கும். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, ஓட்டறவன் கை சும்மாவே இருக்க முடியாது. பழைய மொட்டை டயர்ல நேராப் போன வண்டிக்கு புது டயர்ல என்ன கேடு?

பக்கத்து யூனிட் அண்ணன் கிட்ட இருக்கறது பழைய லேண்ட் குரூஸர் 80 சீரிஸ். முன்னாடி வச்சிருந்தவர் ரெண்டு இஞ்ச் லிஃப்ட் பண்ணி வச்சது. 275/70 ஆர்16 டயர் இருந்த எடத்துல இவர் 285/75 ஆர்16 ஆல் டெரெய்ன் போட்டார். விட்டத்துல 42 மில்லி கூட. (ஸ்பீடோமீட்டர் 100 காட்டினா நிஜத்துல கிட்டத்தட்ட 105. ஃபைன் கட்டும்போதுதான் பல பேருக்கு இது தெரிய வரும் :-) ) அவருக்கு ராக்ஸ்பி டவுன்ஸ்ல வேலை கெடச்சிருந்துச்சு. அடிலெய்டுல இருந்து சுமார் 560 கிலோமீட்டர். அண்ணி, ஒண்ணரை வயசுக் குழந்தை, வீட்டுச் சாமான் எல்லாம் அதே வண்டியில. போர்ட் அகஸ்டா தாண்டிட்டா எதிர்ல ரோட் டிரெய்ன் வரும். 53.5 மீட்டர் வரைக்கும் நீளம். அது கடந்து போகும்போது அடிக்கற காத்துக்கு நல்ல வண்டியே ஒரு ஆட்டம் ஆடும். ஏற்கனவே அலையுற வண்டின்னா?

"தம்பி, வண்டி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுடா. டயர் கடையில கேட்டா ஓட்ட ஓட்ட செட்டாயிடும்ங்கறான். இன்னொருத்தன் ஸ்டியரிங் பாக்ஸையே மாத்தச் சொல்றான்"ன்னார்.

ரெண்டையும் அப்படியே எடுத்துக்கக் கூடாது. டயர் செட்டாகறதுங்கறது உண்மைதான். புது டயர்ல பட்டன் ஆழமா இருக்கும், ஒவ்வொரு கட்டையும் லேசா நெளியும். சில நூறு கிலோமீட்டர் ஓடினா கொஞ்சம் அடங்கும். ஆனா கொஞ்சம்தான். 110ல லேனை விட்டு விலகற வண்டி தானா சரியாகும்னு காத்திருக்க முடியாது. ஸ்டியரிங் பாக்ஸோ கடைசியாப் பாக்க வேண்டியது.

மொதல்ல ஒண்ணு பிரிச்சுப் பாக்கணும். எப்பவும் ஒரே பக்கமா இழுக்குதா, இல்ல ரெண்டு பக்கமும் அலையுதா? ஒரே பக்கம் இழுத்தா முன்னாடி ரெண்டு டயரையும் இடம் வலமா மாத்திப் போட்டுப் பாருங்க (ஒரே திசையில சுத்தற மாதிரி அம்புக்குறி போட்ட டயர்னா இது வேணாம்). இழுக்கற பக்கமும் மாறினா டயர்லதான் கோளாறு, கடைக்காரன் மாத்திக் குடுக்கணும். அண்ணன் வண்டி அப்படி இல்ல. ரெண்டு பக்கமும் அலைஞ்சுது.

அடுத்து காத்து. இதுக்குக் காசே ஆகாது. கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் வண்டியோட வந்த டயருக்கானது. எல்.டி. டயர், அதாவது லைட் டிரக் டயர், அதே பாரத்தைத் தாங்க கூடுதல் காத்து கேக்கும். கடைக்காரன் 30 பி.எஸ்.ஐ. வச்சிருந்தான். காலையில டயர் ஆறியிருக்கும்போது அளந்து, போர்ட் வேக்ஃபீல்ட் ரோட்ல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு மறுபடி அளந்தோம். 9 ஏறியிருந்துச்சு. இந்த ஊர்ல நாலு பேர் சொல்ற கணக்கு, எல்.டி. டயர்ல சுமார் 6 வரைக்கும் ஏறலாம். அதுக்கு மேல போனா காத்து கம்மி, டயர் பக்கவாட்டுல நெளிஞ்சு சூடாகுதுன்னு அர்த்தம். 38 வச்சோம், ஏத்தம் ஆறுக்குள்ள வந்துச்சு. பின் டயரையும் விடாதீங்க. பின்னாடி காத்து கம்மியா இருந்தாலும் வண்டி வாலாட்டும், நாம ஸ்டியரிங்கைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

பாதி அலைச்சல் இதுலயே போச்சு. மீதிக்கு ரெண்டு ஆள் வேணும். வண்டிய சமதரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு சக்கரமும் தரையில இருக்க, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வச்சு, என்ஜினை ஓட விடணும். ஜாக்கியில தூக்கவே கூடாது. அண்ணன் உள்ள உக்காந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சமா ஆட்ட, நான் கீழ படுத்து ஒவ்வொரு இணைப்புலயும் விரல வச்சுப் பாத்தேன். டை ராட் எண்ட் எல்லாம் கெட்டியா இருந்துச்சு. பான்ஹார்ட் ராட்ல விரல் வச்சதும் 'டக்'குன்னு ஒரு தட்டு. இந்த ராடுதான் முன் ஆக்ஸில் பக்கவாட்டுல நகராமப் பிடிச்சிருக்கும். அதோட ரப்பர் புஷ் கிழிஞ்சு போயிருந்துச்சு. ஸ்டியரிங்கைத் திருப்பினா சக்கரம் திரும்பறதுக்கு முன்னால ஆக்ஸிலே பக்கவாட்டுல நகருது! அப்புறம் வண்டி எங்க நேராப் போகும்?

இந்த லூஸு பழைய டயர் காலத்துலயும் இருந்திருக்கும். தேஞ்ச டயர் ரோட்டுல உள்ள பள்ளம் மேட்டை அவ்வளவாப் பிடிக்காது, வழுக்கிட்டுப் போயிடும். அகலமான புது டயர் ஒவ்வொரு கோட்டையும் பிடிச்சு இழுக்கும், இழுக்கற இழுவை அத்தனையும் கிழிஞ்ச புஷ்ல வந்து சேரும்.

புஷ் மாத்தினதுக்கு அப்புறமும் ஒரு குறை. வளைவுல திருப்பிட்டுக் கைய விட்டா ஸ்டியரிங் தானாத் திரும்பி நடுவுக்கு வரல, சோம்பேறித்தனமா அங்கயே நின்னுச்சு. அலைன்மெண்ட் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாத்தா விஷயம் வெளிய வந்துச்சு. கடையில 'அலைன்மெண்ட் ஓகே'ன்னு சொன்னது டோ மட்டும். பேப்பர்ல காஸ்டர் ரெண்டு பக்கமும் 1 டிகிரிதான். கம்பெனி வச்சு அனுப்பினது 3 பக்கம்.

காஸ்டர்னா பெரிய சமாச்சாரம் இல்ல. ஊர்ல ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டிப் பந்தா காட்டியிருப்பீங்கல்ல? முன் ஃபோர்க் சாஞ்சு நிக்கறதும் சைக்கிள் நேராப் போக உதவுது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் தானா பின்னாடி திரும்பிக்கற மாதிரிதான், சக்கரம் தரையைத் தொடற எடம் திரும்பற அச்சுக்குப் பின்னால இருந்தா அது நேராவே நிக்கப் பாக்கும். 80 சீரிஸ்ல முன் ஆக்ஸிலைப் பிடிச்சிருக்கற ரெண்டு ரேடியஸ் ஆர்மும் பின்னால சேஸிஸ்ல மாட்டியிருக்கு. பாடியத் தூக்கினா ஆர்ம் சரிஞ்சு, ஆக்ஸிலோட மண்டை முன்பக்கமாச் சாஞ்சிடும். காஸ்டர் போச்சு. இந்த வண்டியில அதைச் சரி பண்ண நட்டு போல்ட் எதுவும் கெடையாது, அதான் கடைக்காரன் பேசாம விட்டுட்டான். ஓட்டை நடுவுல இல்லாம தள்ளி இருக்கற காஸ்டர் கரெக்‌ஷன் புஷ்ஷுன்னு விக்குது, அதை பிரஸ்ல வச்சு ஆர்ம்ல ஏத்தணும். அந்த வேலைய ஒரு சஸ்பென்ஷன் கடையில குடுத்தோம். திரும்ப அளந்தப்போ மூணரை டிகிரி.

ஸ்டியரிங் பாக்ஸ் மேல இருக்கற ஸ்க்ரூவ டைட் பண்ணினா சரியாயிடும்னு சொல்ற மகானுபாவர்கள் எல்லா ஊர்லயும் உண்டு. அளவுக்கு மேல டைட் பண்ணினா பாக்ஸ் பிடிக்க ஆரம்பிக்கும், ஸ்டியரிங் நடுவுக்கு வராது, அதனாலயே வண்டி இன்னும் அலையும். பெரிய ஸ்டியரிங் டாம்பர் மாட்டறதும் அப்படித்தான். அது கை நடுக்கத்தைக் குறைக்கும், கிழிஞ்ச புஷ்ஷை ஒட்டாது.

அண்ணன் போன ஞாயித்துக்கிழமை கெளம்பினார். பிம்பா தாண்டி அண்ணி போன் பண்ணி, "தம்பி, பாப்பா தூங்கிட்டா, இவரு ஒத்தைக் கையில ஓட்டறாரு, கொஞ்சம் சொல்லி வை"ன்னாங்க.

அடுத்த வாரம் வீல் பேரிங். வர்ட்டா?