இரட்டைச் சைக்கிளுக்கு எந்த பிரேக்?

இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிளுக்கு ரிம் பிரேக் நல்லதா, டிஸ்க் பிரேக் நல்லதா? ஊருக்குள் ஓட்ட ரிம் போதும். மலையில் இறங்குவதாக இருந்தால் டிஸ்க்தான். என் கட்சி இது.

நம் காலத்து ராடு பிரேக்கும் ரிம் பிரேக்தான். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும். கேரியரில் ஆளும் இருந்தால் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிற்போம். இப்போதைய அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். கொடைக்கானல் ஏரியைச் சுற்ற வாடகைக்குக் கிடைக்கும் இரட்டைச் சைக்கிளுக்கு அது தாராளம். சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை.

அதே வண்டியில் வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கினால் கதை வேறு. இரண்டு பேரும் வண்டியுமாக 160 கிலோ என்று வையுங்கள். 100 மீட்டர் உயரம் இறங்கும் வேகம் முழுவதையும் பிரேக்கே அடக்கினால், அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு பிறக்கும். இரண்டு பேருக்குக் காபி போடலாம்! கொடையிலிருந்து சமவெளிக்கு 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். எதிர்க்காற்று கொஞ்சம் தாங்கும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகத்தானே போகிறோம்? ரிம் பிரேக்கில் அந்தச் சூடெல்லாம் ரிம்மில் ஏறும். அதை ஒட்டியே ட்யூப். வெடிக்கலாம், டயர் கழன்றும் வரலாம். டிஸ்க்கில் சூடு நடுவிலுள்ள தட்டோடு போகும், டயரை எட்டாது. ஆனால் சின்னத் தட்டு திணறிவிடும். 203 மில்லிமீட்டர் தட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க்கிலும் தொல்லை உண்டு. தட்டில் எண்ணெய் பட்டால் பிடிக்காது, கீச்சிடும். ஆயில் பிரேக்கைப் பழுதுபார்க்க எல்லா ஊரிலும் ஆள் கிடைக்காது. கேபிள் வகையே நமக்குத் தோது.

இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் பின்னால் உட்கார்ந்திருப்பவர். வழக்கமாக இரண்டு பிரேக்கும் முன்னால் இருப்பவர் கையில். பின்னவருக்கு எதிரே தெரிவது ஒரு முதுகுதான். பாராலிம்பிக்கில் பார்வைத்திறன் இல்லாத வீரர்கள் முன்னவரை நம்பித்தான் அப்படிப் பறக்கிறார்கள். பின்சக்கரத்தில் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக் மாட்டி, அதன் பிடியைப் பின்னவரிடம் கொடுக்கும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. மனைவி கையில் பிரேக்கா என்று சில கணவர்கள் தயங்குவார்கள். கொடுங்கள் என்பேன்.

எந்த பிரேக்கானாலும் காட் ரோட்டில் அங்கங்கே நிறுத்தி ஆறவிடுங்கள். சூடு எவ்வளவு என்று தட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், விரல் பொத்துப்போகும்.