ஒரு ஆதார் ஜெராக்ஸும் ஒரு பி.எஃப். நம்பரும்

போன வாரம் ஊருக்கு, அதாங்க கொமரலிங்கத்துக்குப் போயிருந்தேன். திருப்பூர்ல பனியன் கம்பெனி ஒண்ணுல சூப்பர்வைசரா இருக்கற பக்கத்து வீட்டு அண்ணன் பேசிட்டிருந்தார். "வடக்க இருந்து ஆளு வந்தா ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ஃபைல்ல போட்டுருவோம் தம்பி. அவ்ளோதான் செக்கிங்"னார்.

2025 ஜனவரியில திருப்பூர் மாவட்டத்துல உரிய ஆவணம் இல்லாம தங்கியிருந்ததா வங்கதேசத்தவர் 31 பேரைப் போலீஸ் கைது பண்ணுச்சு. உடனே நாம எல்லா வடக்கத்திப் பசங்களையும் சந்தேகமா பார்க்க ஆரம்பிச்சோம். வேலை குடுத்தவங்களை யாராவது கேட்டோமா?

என்னைக் கேட்டா, இவங்களுக்குச் சரிபார்க்கத் தெரியாம இல்லீங்க. பி.எஃப். நம்பர் எடுக்கணும்னா ஆதாரை ஆன்லைன்ல சரிபார்த்தே ஆகணும். ஆதார் குடியுரிமைச் சான்று இல்லைதான்; ஆனா போலி கார்டாவது அங்கயே மாட்டிக்கும். என்ன, நம்பர் எடுத்தா மாசாமாசம் பணம் கட்டணுமே! ஜெராக்ஸுக்கு ரெண்டு ரூபாயோட போச்சு :-)

வெளிமாநில ஆளுக்கு கான்ட்ராக்டர் போட்டோ ஒட்டின பாஸ்புக் தரணும்னு 1979 சட்டமே சொல்லுச்சு. 2025 நவம்பர்ல அது புது சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. இத்தனை வருஷத்துல அண்ணன் அப்படி ஒரு பாஸ்புக்கைக் கண்ணால பார்த்ததில்லையாம்.

ஒழுங்கா பதிவு பண்ணினா கள்ள ஆவணமும் மாட்டும், ஒடிசா பையனுக்கு உழைச்சதுக்கு ஒரு அத்தாட்சியும் கிடைக்கும். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?