பழைய கித்தார் வாங்கலாமா?



தென் மாவட்டப் பங்கு ஒன்றிலிருந்து, பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நீண்ட மடல் வரைந்துள்ளார். இளமையில் விடுதித் தோழர்களிடம் கற்ற கித்தார் இசையை, நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் மாலை வேளைகளில் வீட்டிலே மீண்டும் வாசிக்க விரும்புகிறார். மேடை ஏறும் எண்ணம் அவருக்கு இல்லை. பேரக் குழந்தைகள் பாட, தாம் தந்தியை மீட்ட வேண்டும், அவ்வளவே. இரண்டு பழைய கித்தார்கள் அவர்முன் இருக்கின்றன. ஒன்று, பங்கின் பாடற்குழுவில் பல்லாண்டு வாசித்து இறைவனடி சேர்ந்த அன்பர் ஒருவரின் யமஹா. அதனை அவருடைய மனைவியார் விற்க எண்ணியுள்ளார். மற்றொன்று, அமெரிக்காவில் பணிபுரியும் மகன் வாங்கி அனுப்புவதாகச் சொல்லும் 1960-களின் மார்ட்டின். "எதனை ஏற்கலாம்? பழைய கருவியை வாங்குவது அறிவுடைமைதானா?" என்று வினவுகிறார்.

பழைய கித்தாரில் நாதம் கனிந்திருக்கும் என்று வாசிப்போர் பலரும் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வீட்டில் வாசிக்க வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது நாதத்தையும் அன்று, பெயரையும் அன்று. கழுத்தின் சாய்வையே பார்க்க வேண்டும். இதனைச் சற்று விரித்துரைக்கிறேன்.

எஃகுத் தந்திகள் ஆறும் சுருதி கூட்டிய நிலையில் கித்தாரை இழுக்கும் விசை மொத்தம் ஏறத்தாழ 70 கிலோவுக்கு மேற்படும். ஓர் ஆள் இரவும் பகலும் அக்கழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இவ்வாறு இழுபடும் கருவியில், கழுத்து சிறிது சிறிதாக முன்னோக்கிச் சாய்கிறது. மேற்பலகையும் குதிரையை ஒட்டிச் சற்றே புடைக்கிறது. (வீணையில் குதிரை என்றும் மெட்டு என்றும் வழங்கும் சொற்களையே இங்கும் ஆள்கிறேன், கடையில் கேட்டால் பிரிட்ஜ், ஃப்ரெட் என்பார்கள்.) இதன் விளைவாகத் தந்திகள் மெட்டுகளை விட்டு உயர எழும்பிவிடுகின்றன. பன்னிரண்டாம் மெட்டின் மேல், தடித்த தந்திக்குக் கீழே இரண்டரை மில்லிமீட்டரும், மெல்லிய தந்திக்குக் கீழே இரண்டுக்குச் சற்றுக் குறைவும் இடைவெளி இருப்பின் விரல் நோகாது. அது நான்கு, ஐந்து என்று வளர்ந்திருக்குமானால், அறுபது வயது விரலுக்கு மட்டுமன்று, பதினாறு வயது விரலுக்கும் அது தண்டனையே. கித்தார் வாங்கி மூன்றே மாதத்தில் அலமாரியின் மேல் ஏற்றிவிடுவோரில் பலர், தமக்கு இசை வராது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். கருவியை யாரும் குறை சொல்வதில்லை.

ஆகவே, வாங்கச் செல்லும்போது இரண்டடி நீளமுள்ள, வளையாத உலோக அளவுகோல் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நெடுகப் பார்த்து, அது பெரும்பாலும் நேராக உள்ளதென்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னர், நடுவிலுள்ள இரு தந்திகளுக்கிடையே அளவுகோலை மெட்டுகளின் மேல் படிய வைத்து, குதிரை வரை நீட்டுங்கள். அதன் முனை குதிரைக் கட்டையின் மேற்பரப்பைத் தொட்டவாறோ, சற்றே மேலாகவோ சென்றால் கழுத்து நலமாக உள்ளது. முனை குதிரையின் முன்முகத்தில் முட்டி நின்றால், கழுத்து சாய்ந்துவிட்டது என்பது திண்ணம்.

சாய்ந்த கழுத்தைச் சரிசெய்ய இயலாதா என்பீர்கள். இயலும். இணைப்பில் நீராவி பாய்ச்சி, பசையை இளக்கி, கழுத்தைக் கழற்றி, அடிப்பகுதியை நூலிழை அளவு செதுக்கி, மீண்டும் பொருத்துவர். கைதேர்ந்தோர் செய்ய வேண்டிய வேலை அது. அமெரிக்காவில் அதற்குச் சில நூறு டாலர் கூலி ஆகும். நம் ஊர்களில் அதனைத் துணிந்து செய்வோர் மிகச் சிலரே. இந்தச் செலவைத் தவிர்க்கச் சிலர் ஒரு குறுக்கு வழியைக் கையாள்வர்: குதிரைக் கட்டையையே இழைத்துத் தாழ்த்திவிடுவர். தந்தி தாழும், ஆனால் நாதமும் மெலியும், கட்டையும் வலுவிழக்கும். குதிரையின் நடுப்பகுதி எட்டு மில்லிமீட்டருக்கு மிகவும் குறைவாக இருந்தாலோ, அதன் மேல் பதித்த வெண்ணிற எலும்புத் துண்டு வெளியே தெரியாத அளவுக்குத் தேய்க்கப்பட்டிருந்தாலோ, இவ்வேலை முன்பே நடந்திருக்கிறது என்று கொள்க.

கழுத்துக்குள் முறுக்கக்கூடிய இரும்புக் கம்பி இருக்கிறதே, அதைத் திருகினால் போதாதா என்று கேட்போரும் உண்டு. அக்கம்பி கழுத்தின் வளைவை நிமிர்த்தும், சாய்வை மாற்றாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கம்பியை முறுக்கியே உடைத்த கித்தார்கள் ஏராளம்.

இனி, ஆசிரியர் குறிப்பிட்ட கருவிகளுக்கு வருவோம். யமஹா நிறுவனம் 1887-இல் ஹமாமட்சு நகரில், காற்றுத் துருத்தி ஆர்கன் ஒன்றைப் பழுது பார்த்த கைவினைஞரால் தோன்றியது. கோயில் ஆர்மோனியத்தோடு வளர்ந்த நம்மவர்க்கு ஒருவகையில் உறவுதான்! அதன் எஃப்.ஜி. வரிசைக் கித்தார்கள் 1966-இல் வெளிவந்தன. ஒலித்துளையின் வழியே உள்ளே நோக்கினால் ஒட்டுத்தாள் தெரியும். அதில் 'நிப்பான் காக்கி' என்னும் பெயர் காணப்பட்டால் கருவி பழையதே; ஏனெனில் 1987-இல் நிறுவனம் தன் பெயரை யமஹா என்று மாற்றிக்கொண்டது. இவற்றுள் புகழ்பெற்ற சிவப்பு ஒட்டுத்தாள் எஃப்.ஜி. 180-இன் மேற்பலகை, ஒரே துண்டுப் பலகையன்று. மெல்லிய தகடுகளை ஒட்டிய ஒட்டுப்பலகை. இதனைக் குறையாகச் சொல்லுவர். நான் சொல்ல மாட்டேன். கடற்காற்றின் ஈரமும் கோடையின் வறட்சியும் மாறி மாறித் தாக்கும் நம் வீடுகளில், ஒட்டுப்பலகை எளிதில் வெடிப்பதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. அக்கால ஜப்பானியக் கித்தார்கள் பலவற்றில் கழுத்தை இணைத்த பசை நீராவிக்கு எளிதில் இளகாது. கழுத்து சாய்ந்திருந்தால், சரிசெய்யும் கூலி கருவியின் விலையையே விழுங்கிவிடும். அளவுகோல் சோதனையில் தேறினால் மட்டும் அதை வாங்குக.

மார்ட்டின் வேறு குலம். 1833-இல் நியூயார்க்கில் தொடங்கி, பின்னர் பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் என்னும் ஊரில் நிலைத்த தொழிலகம் அது. (நம் தென்னாட்டு நாசரேத்தைப் போலவே அதுவும் மறைப்பணியாளரால் பெயர்பெற்ற ஊர்.) உள்ளே கழுத்தடிக் கட்டையில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு செய்த ஆண்டைத் தெரிந்துகொள்ளலாம். 1985-க்கு முன் செய்தவற்றில், திருகி நிமிர்த்தும் கம்பி கிடையாது. அறுபதுகளின் மார்ட்டின் ஒன்றுக்குக் கழுத்து வேலை எப்போதேனும் தேவைப்படுவது இயல்பு; அது முன்பே செய்யப்பட்டிருந்தால் அதைக் குறையென்று கருதாமல் நற்பேறாகக் கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய தடை மரத்தில் இருக்கிறது. 1969 வரை மார்ட்டின் நிறுவனம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தைக் கையாண்டது. அது அரிதானபோது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்துக்கு மாறியது. இன்று உலகின் சிறந்த கித்தார்கள் பலவற்றின் முதுகு நம் நாட்டு ஈட்டிதான் என்பதை எத்தனை பேர் அறிவர்! பிரேசில் ரோஸ்வுட்டோ 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. ஏனைய ரோஸ்வுட் வகைகளாலான இசைக்கருவிகளுக்கு 2019-இல் அளித்த விலக்கு இதற்குப் பொருந்தாது. மகோகனியில் செய்த மாதிரிகள் பலவற்றிலும் விரற்பலகையும் குதிரையும் இம்மரமே. உரிய சான்றிதழ் இன்றி எல்லை தாண்டினால் கருவி பறிமுதலாகலாம். மகன் இதனை அறிந்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். குதிரையின் அடியில் ஒரு தாளைச் செருகிப் பார்த்து, நுழைந்தால் ஒட்டு விட்டிருக்கிறது என்று அறிக. மேற்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே சடசடவென்று அதிர்ந்தால் உட்சட்டம் ஒன்று கழன்றிருக்கும். உறையைக் கவிழ்த்துத் தட்டும்போது மாவுபோல் தூள் உதிர்ந்தால் மரம் உளுத்துள்ளது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கீறல்கள், நிறம் மங்கல், பாடற்குழுவின் பெயர் எழுதிய அடையாளம் இவை எவையும் பொருட்டல்ல.

இன்னொன்று. கடைகளில் கிடைக்கும் பழைய கித்தார்களுள் சில நைலான் தந்திக்கென்றே செய்யப்பட்டவை. தந்தியைக் குதிரையில் முடிச்சிட்டுக் கட்டியிருப்பதைக் கொண்டு அவற்றை அறியலாம். அவற்றில் எஃகுத் தந்தி பூட்டினால் குதிரை பெயர்ந்துவிடும். விரலுக்கு இதமானவை என்பதால் ஆசிரியர் இவ்வகையையும் எண்ணிப் பார்க்கலாம். 1818-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருவிழாவின் முந்திய இரவில், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் ஆலயத்தில் அருள்தந்தை யோசேப்பு மோர் 'அமைதியான இரவு' பாடலுக்கு மீட்டியது குடல்நரம்புத் தந்தி பூட்டிய கித்தாரே. அக்கருவி இன்றும் ஹாலைன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. (ஆர்கனை எலிகள் கடித்ததால் கித்தார் எடுத்தனர் என்னும் கதைக்குச் சான்று இல்லை.) இரு குரல்களுக்கு ஆதரவாக நிற்க அதுவே போதுமானதாக இருந்தது.

என் கருத்தைக் கேட்டால், ஆசிரியர் பாடற்குழு அன்பரின் யமஹாவையே முதலில் சென்று பார்க்கட்டும். கழுத்து தேறினால் 11 எண்ணில் தொடங்கும் மெல்லிய தந்தித் தொகுதியைப் பூட்டிக்கொள்ளட்டும்; விரலுக்கும் கழுத்துக்கும் சுமை குறையும். விலையைப் பொறுத்தவரை, அந்த அம்மையார் அதன் மதிப்பை அறியாதவராக இருக்கக்கூடும். ஒத்த கருவி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு கடைகளில் விசாரித்து, அதனை அவரிடமே சொல்லி, தேவைப்படும் பழுது வேலையின் கூலியைக் கணக்குக் காட்டிக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதே முறை. பேரம் அதற்கு மேல் வேண்டாம்.

பழைய கித்தார்ப் பெட்டிகளில், கழுத்துக்குக் கீழே மூடியிட்ட சிறிய அறை ஒன்று இருக்கும். வாசித்தவர் தம் கைப்பட எழுதிய பாட்டுத் தாள்களை அதிலேதான் வைப்பார். வாங்குவதற்கு முன் அதனைத் திறந்து பார்த்து, இருப்பவற்றை அம்மையாரிடம் கொடுத்துவிடுங்கள்.