வைரமும் மருந்தும்

நாட்டின் வருமானம் பெருகினால் மக்களின் ஆயுளும் தானே பெருகும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். போட்ஸ்வானாவின் வரலாறோ வேறு கதை சொல்கிறது. 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று அது. அடுத்த ஆண்டே வைரம் கிடைத்தது. பொருளாதாரம் வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்தது. ஆயினும் எய்ட்ஸ் பரவியபோது சராசரி ஆயுள் சரிந்தது. வளர்ச்சி அதைத் தடுக்கவில்லை.

ஆயுளை மீட்டது ஓர் அரசு முடிவு. 2002இல் அதிபர் ஃபெஸ்டஸ் மொகாய் அரசு, வைர வருவாயோடு அயல் உதவியையும் சேர்த்து, எச்.ஐ.வி. மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதைவிடப் பெரிய பொருளாதாரமான தென்னாப்பிரிக்காவிலோ, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று அதிபர் தாபோ உம்பெக்கியே ஐயம் எழுப்பினார், மருந்து தாமதித்தது. அத்தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

வளர்ச்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். வைர விற்பனை தளர்ந்து, அயல் உதவியும் குறைந்தபின், 2025 ஆகஸ்டில் அதே போட்ஸ்வானா மருந்துத் தட்டுப்பாட்டால் பொதுச் சுகாதார நெருக்கடிநிலையை அறிவிக்க நேர்ந்தது. வளர்ச்சி கருவூலத்தை நிரப்பும். அதை உரிய வேளையில் மருந்தாக்குவதும், வறண்ட காலத்துக்கெனக் காப்பதும் ஆட்சியின் கடமை. வளர்ச்சி விகிதத்தைக் கேட்கும் நாம், மருத்துவமனையில் மருந்து இருக்கிறதா என்றும் கேட்போம்.