உப்பு எங்கே போகும்?

கரியின் அதிநுண்ணிய துகள்களைக் கழிவுநீரில் இட்டு வெயிலில் வைத்தால் சாயமெல்லாம் மறைந்து நீர் ஸ்படிகம்போல் தெளிந்துவிடும், ஆகையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கும் நொய்யலாற்றுக்கும் விமோசனம் பிறந்துவிட்டது என்று ஒரு சாரார் உற்சாகமாகப் பேசிவருகிறார்கள். 2004-இல் வேறொரு பரிசோதனையின் நடுவே தற்செயலாய் அகப்பட்ட, கரிப்புள்ளிகள் எனப்படும் இத்துகள்களின் குணவிசேஷங்களை நானும் வியப்பவனே. எனினும் இந்த அபிப்பிராயம் ஏற்கத்தக்கதன்று.

இவர்கள் சாட்சியாகக் காட்டும் சோதனையையே முதலில் எடுத்துக்கொள்வோம். பீக்கரில் வடிநீரை ஊற்றி, மெத்திலீன் நீலத்தைச் சிறிது கரைத்து, துகளைத் தூவி, விளக்கொளியில் வைத்தால் நிறம் வெளுப்பது மெய்தான். ஆனால் அந்தச் சாயம் தானே ஒளியை உறிஞ்சிச் சிதையக்கூடியது. அன்றியும், நிறம் போனதனால் பதார்த்தம் போய்விட்டதாகாது. அசோ வகைச் சாயங்களில் பிணைப்பு அறுந்தவுடன் நிறம் மறையும், துண்டுகளோ நீரிலேயே தங்கும், அவற்றுள் சில நஞ்சு. எஞ்சிய மொத்தக் கரிமத்தை அளந்து காட்டாத வெற்றிப் பிரகடனங்களை நான் பொருட்படுத்துவதில்லை.

வெயில் இலவசம் என்பது அடுத்த வாதம். டைட்டானியம் டையாக்சைடு சூரிய ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கான புறஊதாக் கதிரையே பயன்கொள்ள, 2009-இல் ஒளிவினையூக்கியாக அறிமுகமான கார்பன் நைட்ரைடு கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் ஒரு பகுதியை ஏற்கிறது என்பது உண்மையான முன்னேற்றமே. ஆயினும் கருத்த சாயநீருக்குள் ஒளி ஆழமாக நுழையாது. ஆகவே நீரை மெல்லிய படலமாகப் பரப்பவேண்டும். வெயில் இலவசம், அதை ஏந்தும் நிலம் இலவசமன்று.

தலையாய ஆட்சேபம் உப்பு. பருத்தியில் சாயம் பிடிக்க லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அதை எந்த ஒளியும் சிதைக்காது. போதாக்குறைக்கு, அழுக்கைத் தகர்க்கப் பிறக்கும் ஹைட்ராக்சில் மூலிகங்களைக் குளோரைடும் பைகார்பனேட்டும் வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. நொய்யல் பாசன நிலங்களைப் பாழாக்கியதில் பெரும்பங்கு இந்த உப்புக்கே உரியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபின், அவை மீண்டும் இயங்க வழிசெய்தவை உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கிகளுமே.

நீரில் இட்ட, பத்து நானோமீட்டருக்கும் குறைந்த இக்கரித்துகளைத் திரும்ப எடுக்கச் சாதாரண வடிகட்டி உதவாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சுத்திகரித்த நீரில் அற்பமாக எஞ்சும் மருந்துகளை அழிக்கும் கடைசிக் கட்டத்துக்கு இம்முறை ஏற்றதாகலாம். சாயக்கழிவுக்கு இதுவே போதும் என்று விற்க வருவோரிடம், வாசகர்களே, உப்பு எங்கே போகும் என்று கேளுங்கள்.