கருவாடு காயும் மணல்

ஒருங்கிணைந்த கடலோர மண்டல மேலாண்மை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் அம்மா இரண்டு கூடை மத்தியை ஏலத்தில் எடுத்துவிடுவார். இத்தனை நீளமான பெயருக்குள் எதை எதோடு ஒருங்கிணைத்தார்கள் என்பதே என் கேள்வி.

1991 அறிவிக்கை அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுத்தது. சுனாமிக்குப் பிறகு சுவாமிநாதன் குழுவின் அறிக்கை வந்தது. 'மேலாண்மை' என்ற சொல்லோடு 2008இல் ஒரு வரைவும் வந்தது. அந்தச் சொல்லுக்குள் தொழிற்சாலையும் உல்லாச விடுதியும் நுழைந்துவிடும் என்று குஜராத்திலிருந்து வங்காளம் வரை மீனவர்கள் எதிர்த்தார்கள். 2009இல் அது காலாவதியானது. எதிர்த்தது சரிதான். அந்த ஊர்வலங்களில் பெண்களும் நடந்தார்கள்.

பிறகு 2011 அறிவிக்கை. மீன் உலர்த்தும் இடங்களை நில அளவை வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. படித்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சில வருடம் கழித்து ஒரு கூட்டத்தில் எங்கள் கரையின் வரைபடத்தை விரித்தார்கள். என் சித்தி முப்பது வருடமாகக் கருவாடு காயவைக்கும் மணல் அதில் வெறும் வெள்ளையாக இருந்தது. எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். "அங்கே ஒன்றுமில்லையே" என்றார் அதிகாரி. வலை காயும் இடத்துக்குக் குறி இருந்தது. தெற்கே வாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் துறைமுகமும் தெளிவாகவே இருந்தது.

இது கவனக்குறைவு அல்ல. யாரைக் கேட்டு வரைகிறார்கள் என்று பாருங்கள். அதே 2011 அறிவிக்கை, மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்கிறது. பெண் என்ற சொல் அங்கே இல்லை. ஆக, அந்த மூன்று பேரை அனுப்பப்போவது ஊர்ப் பஞ்சாயத்து. எங்கள் ஊர்களில் தலைக்கட்டு ஆண் பேரில்தான். வரி ஆண் பேரில், பேச்சும் ஆண் பேச்சு. சுனாமி நிவாரணத்தைப் பல கிராமங்களில் பஞ்சாயத்து வழியாகப் பிரித்தபோது, ஆண் இல்லாத வீடுகள் வரிசையின் கடைசியில் நின்றன. டெல்லியைத் திட்டும் எங்கள் அண்ணன்மார் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அம்மையார் பேரைச் சொல்லி வருடா வருடம் மாங்கனி இறைக்கிற ஊர் இது!

2019இல் இன்னொரு அறிவிக்கை. சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருக்கும் கிராமப்புறங்களில் அந்த 200 மீட்டர் 50 ஆகச் சுருங்கலாம். வீடு கட்ட இடம் கிடைக்கும் என்று சிலர் மகிழ்ந்தார்கள். கட்டப்போவது மீனவர் வீடு மட்டும்தானா? படகை அரசலாற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்தலாம். ஏலம் துறைமுகத் தளத்துக்கு மாறலாம். கருவாட்டுக்கு வேண்டியது காற்றும் வெயிலும் சூடேறிய மணலும். அதை எங்கே மாற்றுவது? மணல் போனால் முதலில் போவது விதவைகளின், வயதானவர்களின் வருமானம். அவர்கள் கையில் வேறு மூலதனம் கிடையாது.

முறையிடலாம் என்றால் எங்களுக்கான அலுவலகம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில். நடுவில் கிடப்பது தமிழ்நாட்டுக் கரை. ஒரே கடல், இரண்டு நிர்வாகம். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும்.

மாவட்டக் குழுவின் மீனவர் இடங்களில் பாதி பெண்களுக்கு வேண்டும். அவர்களைப் பஞ்சாயத்து நியமிக்கக் கூடாது. மீன் விற்கும் பெண்களே தேர்ந்தெடுக்க வேண்டும். உலர்த்தும் மணலை அவர்கள் நடந்து காட்ட, அதன்படி வரைய வேண்டும். அதுவரை எந்த வரைபடத்துக்கும் ஊர் கையெழுத்துப் போடக் கூடாது.

வரைய வருகிறவர்கள் காலை ஆறு மணிக்குக் கரைக்கு வரட்டும். பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நாங்கள் சந்தையில் இருப்போம்.