கடைகள் இல்லாத கடைவீதி: ஹம்பியில் பாதுகாக்கப்படுவது எது?

ஹம்பிக்குச் செல்ல விரும்புவோர் முதலில் கேட்பது, விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதே. தோரணகல்லில் உருக்காலையை ஒட்டி அமைந்த வித்யாநகர் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஹுப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 160. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா என்பது அடுத்த கேள்வி. வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் அதற்கு ஆயத்தமான விடை உண்டு: விருபாட்சர் கோயில், விட்டலர் கோயிலின் கல்தேர், தாமரை மகால், யானைக் கொட்டில், அந்தி வேளையில் ஒரு குன்றின் உச்சி. அவ்வூரில் யார் வாழ்கிறார்கள் என்பது மட்டும் இக்கேள்விகளுள் இடம்பெறுவதில்லை.

இதைச் சுற்றுலாப் பயணியின் அவசரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த அவசரமே அரசின் பாதுகாப்புக் கொள்கையாகவும் மாறியிருப்பதுதான் சிக்கல். யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஹம்பி, ஒரு கோயிலோ கோட்டையோ அன்று. ஏறத்தாழ 41 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஊர்களும் வாழைத் தோட்டங்களும் வயல்களும் அதற்குள் அடக்கம். விஜயநகரக் காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய்களில் இன்றும் நீர் பாய்கிறது. அந்நீரைப் பாய்ச்சுகிற உழவர் இல்லையெனில் கால்வாய் வெறும் பள்ளமே.

இந்த எளிய உண்மையை 2011 ஜூலையில் நிகழ்ந்த இடிப்பு மறந்தது. விருபாட்சர் கோயில் முன்னுள்ள தேர்வீதியின் மண்டபங்களில் கடை வைத்தும் குடியிருந்தும் வந்த குடும்பங்கள், நீதிமன்ற ஆணையைக் காட்டி, மிகக் குறுகிய அவகாசத்தில் அகற்றப்பட்டன. 1520ஆம் ஆண்டளவில் இந்நகருக்கு வந்த போர்த்துகீசியப் பயணி தொமிங்கோ பயஸ், இதன் வீதிகளில் விற்கப்பட்ட வைரத்தையும் முத்தையும் துணிகளையும் வியந்து எழுதினார். அவர் வியந்தது தூண்களை மட்டுமன்று. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே. கடைவீதியைக் காப்பதற்காகக் கடைக்காரரை வெளியேற்றுவது எவ்வகைப் பாதுகாப்பு?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அது புறக்கணிக்கத்தக்கதும் அன்று. மண்டபத் தூண்களுக்கிடையே செங்கற்சுவர் எழுப்பியதும், கூரைமேல் கான்கிரீட் தளம் போட்டதும் உண்மை. தொன்மையான கட்டடத்துக்கு அவை தீங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் சுவரை அகற்றுவதும் மனிதரை அகற்றுவதும் ஒன்றல்ல. புதிதாகக் கட்டியதைப் பிரித்தெடுத்து, வணிகத்துக்கு நெறிமுறை வகுத்து, வழிபாட்டோடு இணைந்த பூக்கடையையும் தேங்காய்க்கடையையும் அங்கேயே நிலைக்கவிடும் வழி இருந்தது. அதற்குப் பொறுமையும் உரையாடலும் வேண்டும். புல்டோசருக்கு இரண்டும் தேவையில்லை.

ஹம்பியின் பாரம்பரியத்துக்குப் பெரும் அச்சுறுத்தல் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1999இல் இத்தலம் ‘ஆபத்திலுள்ள பாரம்பரியங்கள்’ பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் தேங்காய் விற்றவர் அல்லர். ஆனேகுந்திக்குச் செல்லத் துங்கபத்திரையின் குறுக்கே அரசு கட்டத் தொடங்கிய பாலம். 2006இல்தான் அப்பட்டியலிலிருந்து ஹம்பி நீங்கியது. அந்தப் பாலம் 2009 ஜனவரியில், கட்டுமானம் முடியும் முன்னரே இடிந்து, தொழிலாளர்களைப் பலிகொண்டது. சுற்றியுள்ள பெல்லாரிப் பகுதியின் இரும்புத்தாதுச் சுரங்கங்களில் நடந்த விதிமீறல்களோ ஆண்டுக்கணக்கில் நீடித்தன. உச்ச நீதிமன்றம் அங்கே சுரங்கப் பணிக்குத் தடை விதித்ததும் அதே 2011 ஜூலையில்தான். மலைகளைக் குடைந்தோர்க்குக் கிடைத்த ஆண்டுகள், மண்டபத்தில் ஒதுங்கியோர்க்குக் கிடைக்கவில்லை.

ஆய்வுலகம் இதில் வெறும் சாட்சியன்று. விஜயநகர நகரமைப்பு, நீர்ப்பாசனம், சிற்பம் குறித்துக் குவிந்துள்ள ஆய்வுகளில் 1565க்குப் பின் வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்துள்ள இடம் மிகக் குறைவு. தலைக்கோட்டைப் போரோடு நகரம் முடிந்தது என்னும் சித்திரத்தை நூல்களும் பாடத்திட்டங்களும் வழிமொழிந்து வந்தன. ‘பாழடைந்த நகரம்’ என்று எழுதிவிட்டால், அங்கே குடியிருப்பவர் தாமாகவே ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுகிறார். விருபாட்சர் கோயிலில் வழிபாடு இன்றளவும் தொடர்வதே அந்தச் சித்திரத்துக்குப் போதிய மறுப்பு.

கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்று கொணர்ந்து ஹம்பியில் நிறுவிய பாலகிருஷ்ணன் திருவுருவம் இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலையை இடம்பெயர்த்தாலும் அதன் வரலாற்றைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். இடம்பெயர்க்கப்பட்ட மனிதருக்கு அந்தப் பலகைகூட இல்லை. தேர்வீதியில் எவர் வாழ்ந்தனர், என்ன விற்றனர், எப்போது எவ்வாறு வெளியேற்றப்பட்டனர் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவுசெய்வது வரலாற்றுத் துறைகளின் கடமை. இனி எந்தப் பாதுகாப்புத் திட்டம் வரையப்படினும், அங்கு வாழ்வோர் அதன் முதல் வரியிலேயே இடம்பெற வேண்டும். விமானத்தில் வந்து மாலையில் திரும்புகிறவரின் வசதி அதற்குப் பின்னர் பேசப்படட்டும்.